வேப்பிலை கட்டாத வாசல்

என் ஃபோனில் ஒரு படம் இருக்கிறது. 2025 பொங்கலன்று, துறையூர்ப் பக்கம் என் மாமியார் வீட்டுத் திண்ணையில் எடுத்தது. என் பையனுக்கு அப்போது நாலு வயது. சம்மணம் போட்டு உட்கார்ந்து கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் என் நாத்தனார் மகள், ஒன்பது மாதக் கைக்குழந்தை, அவன் நீட்டுகிற கரும்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சப்புகிறாள். சாறு மோவாயில் வழிகிறது. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். படம் எடுத்தது நான்தான், உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான்.

மறுநாள் இரவு அந்தக் குழந்தைக்கு வாந்தி ஆரம்பித்தது. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு இரவு அங்கே இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஓடுகிறாள், என் பையனின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். ஆனாலும் அந்தப் படத்தை என்னால் அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எத்தனையோ தாய்மார் தினமும் செய்கிற ஒரு காரியத்தைத்தான் நானும் செய்தேன், அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை, அதனால்தான் எழுதவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"இப்ப பரவாயில்ல"

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி என் பையன் தூக்கத்திலேயே வாந்தி எடுத்தான். விடிவதற்குள் ஆறு தடவை. சனிக்கிழமை முழுக்கத் தண்ணியாகப் போனது. எல்.கே.ஜி. வகுப்பில் அந்த வாரம் பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான், பொங்கலுக்கு முன்னாடியே ஊருக்குப் போய்விட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் கடைசியாக ஒரு தடவை இளக்கமாகப் போனான். சாயங்காலம் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், சோஃபாவில் ஏறிக் குதித்தான். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரியாயிடுச்சு. திங்கட்கிழமை போகி, விடிகாலை நாலரைக்குச் சென்னையிலிருந்து காரில் கிளம்பிவிட்டோம்.

வழியில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று பிளாஸ்டிக் பை, பழைய துண்டு, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்தேன். பெரிய சானிடைசர் பாட்டில் ஒன்றையும் மறக்கவில்லை. கார் சீட்டைப் பற்றி யோசித்த அளவுக்கு, போய் இறங்கப்போகிற வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் நாத்தனாரும் குழந்தையும் வந்திருப்பது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கென்றே ஒரு பட்டுப்பாவாடை வாங்கி வைத்திருந்தேன்.

சொல்லவே இல்லையா என்றால், சொன்னேன், அரைகுறையாக. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாமியாரிடம் ஃபோனில் பேசும்போது, "தம்பிக்கு வயிறு கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சு அத்தை, இப்ப பரவாயில்ல" என்றேன். "கண்டதையும் வாங்கிக் கொடுத்திருப்பீங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "இல்லத்தை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நாத்தனாரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காய்ச்சல் என்றால் பிள்ளைக்கு வந்த நோய். சளி என்றால் பனி. வயிறு என்றால் மட்டும் நம் வீட்டில் உடனே அம்மா என்ன கொடுத்தாள் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் பேச்சை மாற்றினேன், வேறு காரணம் தேடினால் பொய்யாகிவிடும்.

ஊருக்குப் போனதும் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. ஒரே பாத்ரூம். ஒரே சொம்பு. என் பையனைக் கொல்லையில் கழுவிவிட்டு நான் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அவன் கையில் சானிடைசரை அழுத்திவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவினேன். அவன் தங்கச்சிப் பாப்பாவை விட்டு நகரவே இல்லை. பிஸ்கட்டைக் கடித்து ஊட்டினான், கீழே விழுந்த கிலுகிலுப்பையைப் பொறுக்கித் தன் சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தான். அவ்வளவு பிரியம். அப்புறம் கரும்பு.

உப்பும் மிளகாயும்

மாட்டுப் பொங்கல் ராத்திரி பாப்பாவுக்கு வாந்தி ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பல் முளைக்குது, அதான் என்றார் அத்தை. ஈறு வீங்கியிருந்தது உண்மைதான். குடல் ஏறியிருக்கும், பக்கத்துத் தெருப் பாட்டியிடம் தூக்கிக்கொண்டு போய் எண்ணெய் தடவிக் குடல் தட்டினால் நின்றுவிடும் என்றார் ஒரு பெரியம்மா. இன்னொருவர், "போட்டோவ குரூப்புல போட்டீங்கல்ல, கண்ணு பட்டுடுச்சு" என்றார். அத்தைக்கு அது சரியாகப் பட்டது. உப்பையும் மிளகாயையும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகாயை எடுத்துக் கொடுத்தது நான்.

எனக்குத் தெரியும். அந்த மிளகாயை எடுக்கும்போதே தெரியும். வாந்தியின் வேகம், தண்ணியாகப் போவது, லேசான காய்ச்சல் எல்லாம் நான் நான்கு நாளுக்கு முன்பு என் வீட்டுக் கட்டிலில் பார்த்த அதே வரிசை. போட்டோ காரணமில்லை, போட்டோவில் இருப்பதுதான் காரணம் என்று என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இப்போது சொன்னால் பண்டிகை வீட்டில் என்ன ஆகும், எல்லோரும் என் பையனை எப்படிப் பார்ப்பார்கள், விடிந்தால் நின்றுவிடும், என் பையனுக்கு நின்றது மாதிரி. இப்படியே யோசித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

நாலு வயசுப் பிள்ளை தாங்கியதை ஒன்பது மாதக் குழந்தை தாங்குவதில்லை, அதுதான் என் கணக்கில் விட்டுப்போனது. சின்ன உடம்பில் இருக்கிற தண்ணீர் எடைக்கு எடை வேகமாக வெளியே போகிறது. தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. அதற்கு மேல், தண்ணி கொடுத்தால் இன்னும் போகும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் இருக்கிறதே, அதனால் காணும் பொங்கல் காலை முழுக்க அவளுக்குக் கொடுத்தது நாலைந்து ஸ்பூன்தான். யாரோ மெடிக்கலுக்குப் போய், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். என்று கேட்டதற்கு, ஆரஞ்சுப் படம் போட்ட ஒரு அட்டைப் பெட்டிப் பானத்தைக் கொடுத்தனுப்பினார்கள். இனிப்பாக இருந்ததால் பாப்பா ஆசையாகக் குடித்தாள், குடித்த அரை மணியில் இன்னும் அதிகமாகப் போனது. சர்க்கரை அளவுக்கு மீறினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும் என்பது அப்போது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மாதிரிப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு விற்பதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடியிருக்கிறார். அதே 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மதியத்துக்கு மேல் பாப்பா அழுதாள், கண்ணீர் வரவில்லை. டயப்பர் காலையிலிருந்து காய்ந்தே இருந்தது. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. நாத்தனார்தான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணி, காரை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

மருத்துவர் கேட்ட கேள்வி

அந்த மருத்துவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், அது மெதுவாகத்தான் திரும்பியது. நர்ஸிடம் ஏதோ சொன்னார், அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அப்புறம் எங்களைப் பார்த்து, எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது வாந்தி பேதி இருந்துச்சா?"

"இல்ல மேடம்" என்றாள் நாத்தனார். அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. "பல்லு முளைக்குதுன்னு..." என்று தொடங்கினாள். மருத்துவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பேனாவை நகர்த்தினார். எனக்கு அந்த நொடி நினைவிருக்கிறது. சுவரில் ஒரு காலண்டர், அதில் மாடு படம். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் விட்டுப்போகும், சிகிச்சை எப்படியும் ஒன்றுதான், நான் சொல்வதால் இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன மாறப்போகிறது என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"என் பையனுக்கு இருந்துச்சு மேடம்" என்றேன்.

"எப்ப நின்னுச்சு?"

"ஞாயித்துக்கெழம காலைல."

"எப்பக் கிளம்பினீங்க?"

"திங்க விடிகாலைல."

அவர் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. "பெரியவங்க யாருக்காவது?" என்றார். என் கணவருக்கு அன்று காலையிலிருந்தே குமட்டல் இருந்தது, அதையும் சொன்னேன். "அப்ப வீட்டுக்கு ஃபோன் பண்ணிடுங்க. வயசானவங்க இருக்காங்கல்ல? சமையல் யாரு பண்றா? அவங்களை ரெண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகவேண்டாம்னு சொல்லுங்க." மாறப்போவது என்ன என்று கேட்டேனே, அதுதான் மாறியது. நாங்கள் ஃபோன் செய்யும்போதே அத்தைக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பெரியம்மா வீட்டிலும் இரண்டு பேர். சனிக்கிழமைக்குள் மொத்தம் ஆறு பேர் விழுந்தோம்.

நாத்தனார் அங்கே ஒன்றும் பேசவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் ராத்திரி, பாப்பா தாய்ப்பால் குடித்துவிட்டுத் தூங்கியபின், வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். "சொல்லியிருந்தா தம்பியைத் தூக்கவே விட்டிருக்க மாட்டேன்னு இல்ல அண்ணி. கை கழுவிவிட்டிருப்பேன். அவ தட்டைத் தனியா வெச்சிருப்பேன். எனக்கு அந்த வாய்ப்பே இல்லாமப் போச்சு."

இதைவிட அவள் சண்டை போட்டிருக்கலாம்.

சொட்டு மருந்தும் சானிடைசரும்

"மூணு தடவை சொட்டு மருந்து கொடுத்திருக்கோமே மேடம்" என்று நாத்தனார் டிஸ்சார்ஜ் அன்று கேட்டாள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கிற ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தைத்தான் சொன்னாள். 6, 10, 14 வாரங்களில் கொடுப்பது, தமிழ்நாட்டில் 2017 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மருத்துவர் சொன்னது: அது ரோட்டா வைரஸுக்கு மட்டும், இது பெரியவர்களையும் சேர்த்துச் சாய்த்திருப்பதால் நோரோ வைரஸாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு, பரிசோதித்துத் தெரிந்துகொண்டாலும் சிகிச்சை மாறாது. சொட்டு மருந்து வீண் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அதைப் போட்டிருந்தது நல்லதுதான், ஏன் என்பது பின்னால் படித்தபோது இன்னும் நன்றாகப் புரிந்தது.

ரோட்டா வைரஸை 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். தடுப்பு மருந்து வருவதற்கு முன், உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது அது வந்துவிடும், பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமே இல்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. சுத்தம் போதாது. குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் வருகிற நாட்டிலும் அது வந்தது, ஏனென்றால் அது தண்ணீரை நம்பி இல்லை, கையை நம்பி இருக்கிறது. குழந்தைகளின் கையை யாரால் இருபத்துநாலு மணி நேரமும் கட்டிவைக்க முடியும்? அதனால்தான் மருந்து தேவைப்பட்டது. நம் நாட்டில் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்கிற ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இந்த ஒரு வைரஸ்தான் காரணமாக இருந்தது. 1980களில் டெல்லி எய்ம்ஸில், எந்த நோயும் காட்டாத பச்சிளம் குழந்தைகளின் உடம்பில் இருந்த ஒரு ரோட்டா வகையை எம்.கே. பான் என்ற குழந்தைகள் மருத்துவர் கவனித்தார். 116ஈ என்று பெயர் வைத்த அந்த வகையிலிருந்து வந்ததுதான் ரோட்டாவாக் என்ற தடுப்பு மருந்து. டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வருஷத்தில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. முழுக் கவசம் இல்லை, பாதிக்கு மேல். ஆனால் அந்தப் பாதியில் எத்தனை டிரிப்ஸ், எத்தனை உச்சிக்குழி என்று மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நோரோவுக்கு இன்னும் அப்படி ஒரு தடுப்பு மருந்து பயன்பாட்டுக்கு வரவில்லை. அதன் பெயரே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததுதான். 1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டே நாளில் மாணவர், ஆசிரியர்களில் பாதிப் பேர் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். அவர்கள் வீடுகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் தொற்றியது. நாலு வருஷம் கழித்து 1972இல் ஆல்பர்ட் கபிகியன் என்ற ஆய்வாளர் அந்த ஊர் நோயிலிருந்து வந்த மாதிரியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து வைரஸைக் கண்டுபிடித்தார். பள்ளியில் பாதி, வீட்டில் மூன்றில் ஒன்று. என் பையனின் எல்.கே.ஜி. வகுப்பையும் அத்தை வீட்டையும் யாரோ பார்த்து எழுதியது மாதிரி இருந்தது எனக்கு.

சானிடைசர் விஷயம்தான் என்னை ரொம்பக் கோபப்படுத்தியது, என் மேலேயே. கொரோனா கொடுத்த பழக்கம். கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கும் ரோட்டாவுக்கும் அந்த உறையே கிடையாது. நோரோவுக்கு எதிராகக் கையில் தேய்க்கிற ஆல்கஹால் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில், விரலிடுக்கு நகக்கண் எல்லாம் தேய்த்து இருபது நொடி கழுவினால் வைரஸ் சாகிறதோ இல்லையோ, கையை விட்டுப் போய்விடும். வெறும் பதினெட்டு வைரஸ் துகள் போதும் ஒருவருக்குத் தொற்ற என்கிறார்கள். வாந்தி எடுத்தவரிடமிருந்து வெளியேறுவதோ கோடிக்கணக்கில். நான் காரில் வைத்திருந்த அந்தப் பெரிய பாட்டிலுக்குப் பதில் ஒரு பத்து ரூபாய் சோப்பை வைத்திருக்கலாம்.

தரையைத் துடைப்பதிலும் அப்படித்தான். ஃபினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைக்கிற வீடுதான் எங்களுடையதும். வாந்தி விழுந்த இடத்துக்குக் குளோரின்தான் நம்பகமானது. நல்ல வீரியமுள்ள புது பிளீச்சிங் பவுடராக இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு மூன்றரை கிராம், தலைதட்டி ஒரு டீஸ்பூன் என்று நான் போடுகிறேன். முதலில் பழைய துணியாலோ காகிதத்தாலோ வாந்தியை எடுத்துக் கட்டிப் போட்டுவிட்டு, சுற்றி நாலு அடிக்குத் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும், ஏனென்றால் வாந்தி கண்ணுக்குத் தெரியாத திவலையாகத் தெறித்துப் பரவியிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கழிப்பறை கழுவுகிற ஆசிட்டோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

வேப்பிலை

ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு தெருவில் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்த வீட்டைப் பார்த்தேன். அம்மை போட்டிருக்கிறது. கார் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது, என் மனசு போகவில்லை.

அம்மை என்றால் நம் ஊரில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை. விருந்தாளி வரமாட்டார்கள். வந்தாலும் வெளியே நின்று பேசிவிட்டுப் போவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, விசேஷத்துக்குப் போகாது, தனிப் பாய், தனித் தட்டு. உடம்பு தேறியதும்கூட உடனே வெளியே விடமாட்டார்கள், நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டிலேயேதான். ஆத்தா வந்திருக்கிறாள் என்பதால் யாரும் அந்த வீட்டு அம்மாவைக் குற்றம் சொல்வதில்லை. இதற்குள் என்ன நம்பிக்கை இருக்கிறது என்பது வேறு விஷயம், ஆனால் நோய் இருப்பதைத் தெருவுக்கே அறிவிக்க ஒரு வழி, தேறிய பிறகும் காத்திருக்க ஒரு கெடு, குற்றம் சுமத்தாத ஒரு பேச்சு, மூன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாந்தி பேதிக்கு மூன்றுமே இல்லை. அது வெட்கம். மெதுவாகச் சொல்வது, அல்லது சொல்லாமலே விடுவது.

வாந்தியும் போக்கும் முழுக்க நின்றபின் 48 மணி நேரம் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்பதுதான் பல நாடுகளில் பள்ளிகளுக்குச் சொல்லப்படுகிற விதி. அதற்குப் பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும், அதனால் சோப்புக் கை மட்டும் விடவே கூடாது. ஆனால் அந்த முதல் 48 மணி நேரம்தான் கஷ்டம், ஏனென்றால் அப்போது பிள்ளை நோயாளி மாதிரியே இருக்காது. குதிக்கும், இட்லி கேட்கும். படுத்துக் கிடக்கிற பிள்ளையை யாரும் விருந்துக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

இதைச் சொல்வது எனக்குச் சுலபம், எனக்கு மாதச் சம்பளம், வீட்டிலிருந்து வேலை செய்ய இரண்டு நாள் கேட்டால் முகம் சுளித்தாவது கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அப்படி இல்லை, பேரப்பிள்ளையை அங்கன்வாடியில் விடாவிட்டால் அவர் மகளுக்கு அன்றைய கூலி போய்விடும். அவரிடம் போய் 48 மணி நேரம் என்று நான் எப்படிப் பேசுவது? போன ஆடியில் அந்தப் பிள்ளைக்குப் பேதி என்றபோது சம்பளத்தைப் பிடிக்காமல் அவரை இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னேன், மகள் வேலைக்குப் போனாள். ஒரு வீட்டுக்கு அது போதும், ஊருக்குப் போதாது. முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுக்கிற பள்ளிகளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்கு எதற்கு அந்தச் சான்றிதழ்? கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சோப்பை வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கழுவிவிடுகிற ஆயாம்மாவுக்குக் கை கழுவ நேரம் கொடுத்தால் எவ்வளவோ மேல்.

சரி, ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வார்த்தை, இது இல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பொன்காவ் முகாமில் காலரா பரவி டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, திலீப் மஹாலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அம்மாவின் கையும் ஒரு டம்ளரும் போதும் என்று அன்றே காட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து அந்த டம்ளரில் ஆரஞ்சுப் பானத்தை ஊற்றிக் கொடுத்தோம் நாங்கள். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் நாலு பாக்கெட் எப்போதும் இருக்கும், உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கியவை. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரே லிட்டர் தண்ணீரில் முழுசாக, அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கிற வேலை ஆகாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுத்தால் வயிற்றில் நிற்கும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஜிங்க் 14 நாளும், நின்றபிறகும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்க வேண்டாம், பேதியை டக்கென்று நிறுத்துகிற மாத்திரையைக் குழந்தைக்குத் தொடவே வேண்டாம்.

போன செப்டம்பரில் என் பையனுக்கு மறுபடி ஒரு ராத்திரி வாந்தி. காலை ஏழு மணிக்கு வகுப்புத் தாய்மார் குழுவில் எழுதினேன்: "இவனுக்கு நேற்று இரவிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. நின்று இரண்டு நாள் ஆனபிறகுதான் அனுப்புவேன். நேற்று இவனோடு சேர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அனுப்புகிற பொத்தானை அழுத்தவே கை நடுங்கியது, ஒரு சின்ன விஷயத்துக்கு. இருபது நிமிஷம் யாரும் பதில் போடவில்லை. அப்புறம் ஒருவர், "எங்க வீட்லயும் நேத்துலேந்து". பின்னாலேயே இன்னொருவர். ஒன்பது மணிக்குள் நாலு பேர். அதில் ஒருவர் தன் பிள்ளைக்கு ஏற்கெனவே யூனிஃபார்ம் மாட்டிவிட்டதாகவும், இப்போது கழற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

இந்த வருஷம் போகி அன்று நாங்கள் துறையூர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நாத்தனார் ஃபோன் செய்தாள். "அண்ணி, பாப்பாவுக்கு நேத்து ராத்திரி ரெண்டு தடவை வாந்தி, காலைல தண்ணியாப் போச்சு. நல்லாக் குடிக்கிறா, ஒண்ணும் பயமில்ல. நின்னு ரெண்டு நாள் ஆகட்டும், காணும் பொங்கலுக்கு வரப் பாக்கறோம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." ஃபோனை அத்தையிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "கண்டதையும்..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டு, "சரி, ஸ்பூன்ல கொடு, நிறுத்தாம கொடு" என்றார். ஃபோனை வைத்ததும் கொல்லைப்பக்கம் போய், கட்டாக வாங்கி வைத்திருந்த கரும்பில் நல்லதாக ஒன்றை உருவி, தனியாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.